மிளகுக்கு வாங்கிய லேப்டாப்கள்

பெயின்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுப்பவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைத்தெருவில் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். கலர்க்காரர் என்றால் சின்னக் குழந்தைகூட கை காட்டிவிடும். காலையில் சலவைச் சட்டையோடு போகிற மனுஷன் திரும்பி வரும்போது முட்டியில் ஒரு பச்சை, காலரில் ஒரு மஞ்சள் என்று எதையாவது கூடவே கூட்டிக்கொண்டு வருவார். அவருடைய மனைவி ஒரு பல் டாக்டர் க்ளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டு, கருவிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டு இருந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. ஒரே பெண். பிறந்தபோது கைக்கடக்கமாக, கறுப்பாக, கோபம் வந்தால் முகமெல்லாம் சுருங்கிப்போகிற மாதிரி இருந்ததால் மிளகு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாய் பேச வந்த பிறகு அந்தப் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்திவிட்டது.

மிளகு இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறாள். ஆனாலும் லேப்டாப் என்ற பேச்சு எங்கே கிளம்பினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் தன் பையனுக்கு எதை வாங்கலாம் என்று கேட்டாலும் சரி, கலர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "அதை ஏன் கேக்குறீங்க" என்று ஆரம்பித்தால், சொல்லி முடிப்பதற்குள் கேட்டவரின் டீ ஆறிப்போகும்.

மிளகு மேல் வகுப்புக்குப் போன வருஷம் அது. இனிமேல் கட்டுரை, ப்ராஜெக்ட் எல்லாமே கம்ப்யூட்டரில் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் அவள் அம்மாவின் போனிலேயே ஒப்பேற்றினாள். அந்தப் போனின் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். விரிசலுக்கு அந்தப் பக்கம் என்ன எழுத்து இருக்கிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். நடுவில் க்ளினிக்கிலிருந்து போன் வந்தால் எழுதியது அப்படியே காணாமல் போய்விடும். ஒருநாள் முழுக் கட்டுரையும் போய்விட்டது. மிளகு அழவில்லை. போனைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"என்னங்க, இதுக்கு மேல தள்ளிப் போட முடியாது" என்றார் மனைவி.

பீரோ வாங்கலாம் என்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஷோரூமுக்குப் போனார்கள். கண் கூசும் வெளிச்சம். உள்ளே நுழைந்ததுமே உடம்பு சிலிர்க்கிற அளவுக்கு ஏசி. கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் ஓடி வந்தான். இவர்கள் கையிலிருந்த தொகையைச் சொன்னதும் அவன் நடையின் வேகம் சட்டென்று குறைந்தது. இருந்தாலும் மூலையில் ஒரு மேஜைக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டினான்.

"ஸ்டூடண்ட் மாடல் சார். வெயிட்டே இருக்காது. பாப்பா ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் கவலையே இல்ல."

வெளிர்நீல மூடி. கலர்க்காரர் அதைத் தடவிப் பார்த்தார். எத்தனையோ வீட்டுக் குழந்தைகள் அறைக்கு அவர் கையால் கலக்கிக் கொடுத்த நீலம். அந்த நிறத்தில் ஒரு பொருள் ஏமாற்றும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாராவது பெயின்ட் டப்பாவை மூடியைப் பார்த்து வாங்கினால் பிடித்துத் திட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியைப் பிரித்த அன்று பெரிய கொண்டாட்டம். மிளகு கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டாள். முதல் வாரத்திலேயே சாயம் வெளுக்க ஆரம்பித்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் அது அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ஒரு ஜன்னலைத் திறந்தால் இன்னொன்று உறைந்துபோகும். அடுத்த மாதம் புதிதாக ஒரு தொல்லை. இடம் இல்லை, இடம் இல்லை என்று எதைத் தொட்டாலும் எழுதிக் காட்டியது. மிளகு தன் படங்களை அழித்தாள். பாடங்களை அழித்தாள். கடைசியில் அழிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் இடம் இல்லை.

கலர்க்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். விற்ற பையன் அங்கே இல்லை. வேறொரு டை வந்து நின்றது.

"சார், இது ப்ரௌஸிங்குக்கு மட்டும்தான்."

"ஸ்டூடண்ட்டுக்குன்னு சொன்னீங்களேப்பா?"

"ஸ்டூடண்ட் ப்ரௌஸ் பண்ணலாம் சார்."

பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றான். சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னான். அங்கே டோக்கன் வாங்கி, வரிசையில் காத்திருந்து, லீவு போட்டு, மறுபடியும் போய், மறுபடியும் லீவு போட்டு, கடைசியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்: "உங்க லேப்டாப்ல ஒரு கோளாறும் இல்ல சார். அந்த மாடலே அப்படித்தான்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கலர்க்காரர் ரொம்ப நாளைக்கு மறக்கவில்லை. வீட்டில் ஃபேன் சத்தம் போட்டால் "அந்த மாடலே அப்படித்தான்" என்பார். அம்மாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டால் அதற்கும் அதையே சொல்வார். சொல்லிச் சிரித்தாரே ஒழிய, பீரோவுக்குச் சேர்த்த காசு போன எரிச்சல் ஆறவில்லை. கொஞ்ச நாளில் அந்த நீல லேப்டாப் தானாக ஏதோ புதுப்பித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அணைந்தது. அப்புறம் கண் விழிக்கவே இல்லை. சரிசெய்யக் கேட்ட தொகைக்கு இன்னொன்று வாங்கிவிடலாம்.

இந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி உள்ளே வந்தான். எந்தப் பிரச்சினைக்கும் தெரிந்த ஆள் ஒருத்தனை வைத்திருப்பவன்.

"அத்தான், புதுசு வாங்கினதே தப்பு. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். கேம் விளையாடுற லேப்டாப். ராக்கெட் மாதிரி போகும். வெளிநாடு போறான், அதனால பாதி விலைக்குத் தர்றான்."

"மாப்ள, நம்பலாமா?"

"என்ன அத்தான் இப்படிக் கேட்டுட்டீங்க? என் கூடப் பொறந்தவ வீட்டுக்கு நான் கண்டதையும் கொண்டு வருவேனா?"

கொண்டுவந்தான். கறுப்பாக, தடியாக, கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கெல்லாம் எரிகிற ஒன்று. நிஜமாகவே வேகமாக ஓடியது. கூடவே கொதித்தது. மடியில் வைத்தால் தொடை சுடும். மேஜையில் வைத்தால் மேஜை சுடும். உள்ளே ஓடிய விசிறியின் இரைச்சலில் மிளகு உரக்கப் படிக்க, மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்ட, கீழ்வீட்டுக்காரர்கள் வந்து என்ன மெஷின் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாதம் இரண்டு தாண்டவில்லை. ஒருநாள் மேஜைமேல் அது நேராக உட்காராமல் ஆடியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வயிறு உப்பிக் கிடந்தது. பேட்டரி வீங்கிவிட்டது.

பேட்டரி வெடித்து யாருக்கோ தீக்காயம் பட்டதாக க்ளினிக்கில் பேசிக்கொண்டது மனைவிக்கு ஞாபகம் வந்தது. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மணலைக் கொட்டி, லேப்டாப்பை அதற்குள் இறக்கி, பால்கனியில் செடித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு பூனை நடை நடந்தார்கள். விற்ற பையனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தம்பியின் போன் அடித்தது, ஆனால் எடுக்கப்படவில்லை. அக்கா வீட்டுப் பக்கம் அவன் தலைகாட்டவே பல மாதம் ஆயிற்று.

இனி மூன்றாவதாக ஒன்று வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. துணிச்சலும் இல்லை. பள்ளிக்கூடமோ நிற்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும் என்று மிளகு வந்து நின்றாள். அப்போதுதான் கலர்க்காரருக்குக் கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

கலர் கலக்குவதற்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டர் அது. வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைத்து, கம்ப்யூட்டரில் கலரின் நம்பரைத் தட்டினால், மேலேயிருந்து கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் அளவாகச் சொட்டும். பிறகு மூடியை அடித்து மூடி, குலுக்குகிற மெஷினுக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அது குலுக்கும்போது கடையே அதிரும். கம்ப்யூட்டர் பழசுதான். கீபோர்டில் ஒட்டாத பெயின்ட் இல்லை. ஆனால் தட்டினால் உடனே வேலை செய்தது.

முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலாளி வார்த்தையைக் கிள்ளிக் கிள்ளிச் செலவு செய்கிறவர்.

"வியாபாரத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது" என்றார். அதுதான் சம்மதம்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் மிளகு நேராகக் கடைக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அவளுக்கு ஆசனம். கலர்க்காரர் எதிர்க்கடையிலிருந்து டீயும் பன்னும் வாங்கி வருவார். பெயின்ட் வாசனை ஒட்டாமல் இருக்க அவள் பன்னைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாகக் கடிப்பாள். வாடிக்கையாளர் வந்தால் கட்டுரையை மூடிவிட்டுக் கலர் பக்கத்தைத் திறந்து கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அதையும் அவளே கற்றுக்கொண்டாள். வருகிறவர்கள் அட்டையிலிருந்து நம்பரைப் படிப்பார்கள், இவள் தட்டுவாள், அப்பா டப்பாவைத் தூக்கி வைப்பார். "என்ன கலர்க்காரரே, ஆள் சேர்த்துட்டீங்க போல" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அதற்கு முன்பு கலர்க்காரருக்குத் தன் பெண்ணைப் பற்றி அதிகம் தெரியாது என்பதுதான் உண்மை. அவர் கிளம்பும்போது அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவர் திரும்பும்போது தூக்கம் சொக்கும் கண்ணோடு தட்டின்முன் இருப்பாள். "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." அவ்வளவுதான் அவர்கள் குடும்பப் பேச்சு. இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் அவள் பக்கத்தில் இருந்தாள். எந்த டீச்சர் மூக்கால் பேசுவார், யார் யாரோடு பேசுவதில்லை, எதனால் பேசுவதில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது. எழுதியதை அவள் உரக்கப் படித்துக் காட்டுவாள். குலுக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் இருவரும் அப்படியே நின்றுவிடுவார்கள். சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

வௌவால்களைப் பற்றி ஒரு தடவை எழுதினாள்.

"அது ஏம்மா தலைகீழா தொங்குது? ரத்தம் எல்லாம் தலைக்கு வந்துடாதா?" என்று கேட்டார் கலர்க்காரர்.

"அதான்ப்பா எழுதியிருக்கேன். அவசரப்படாம கேளுங்க."

"சரி, சரி. படி."

"உடம்பு சின்னது, அதனால வராது. நம்மள மாதிரி பெருசா இருந்தாத்தான் வரும்."

"அப்போ உங்க மாமா தொங்கினா?"

மிளகு பன் புரைக்கேறும்வரை சிரித்தாள். கடை மூடிய பிறகு இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வருவார்கள். பஸ் இருந்தது. ஆனாலும் நடந்தார்கள். அவள் பையை அவர் தோளில் மாட்டிக்கொள்வார். பையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும் அவரையும், பக்கத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வரும் அவளையும் மாடியிலிருந்து பார்க்கும்போது, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு வருவது போலவே இருக்கும் என்பார் மனைவி.

போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்ததும் இப்படி ஒரு சாயங்காலத்தில்தான். ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுக்கிற சுவருக்கு அடிக்க வேண்டும், சாம்பல் நிறம், சுத்தமான சாம்பல், வேறு எந்தச் சாயலும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அட்டையில் நம்பரைக் காட்டினார். மிளகு தட்டினாள். அப்போது அவள் ஒரு கட்டுரையின் முடிவுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு நம்பர், வாயில் ஒரு வாக்கியம். வழக்கமாகக் கலர்க்காரர் குலுக்கிய டப்பாவைத் திறந்து, ஒரு காகிதத்தில் விரலால் தொட்டு வைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அன்றைக்குப் பெண் படிப்பதைக் கேட்கிற ஆசையில் மூடியை அடித்துக் கொடுத்துவிட்டார்.

சில நாள் கழித்து ஸ்டுடியோக்காரர் வந்து, பாஸ்போர்ட் படங்களாக எடுத்துக் கடை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். முதலாளியும் இருந்தார். மிளகும் இருந்தாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

சுவர் காய்ந்ததும் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு ரோஸ் நிறம் மெல்ல எழும்பி வந்திருந்தது. படத்தில் இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அது அடித்திருந்தது.

"இந்தப் பெரியவரைப் பாருங்க அண்ணே. பென்ஷனுக்குப் போட்டோ எடுக்க வந்தவர். ஸ்கூல் டிராமாவுக்கு ரோஸ் பவுடர் பூசிவிட்ட மாதிரி இருக்கார். வாங்க மாட்டேன்னு தூக்கி எறிஞ்சுட்டுப் போயிட்டார்."

முதலாளியின் முகமும் கிட்டத்தட்ட அந்த நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. கலர்க்காரர் வாயைத் திறப்பதற்குள் மிளகு டிரம்மிலிருந்து இறங்கி முன்னால் வந்தாள்.

"நான்தான் அங்கிள் நம்பரைத் தப்பாப் போட்டேன்."

"அவ சின்னப் பொண்ணு சார். டப்பாவைத் திறந்து பாக்காம கொடுத்தது நான்" என்றார் கலர்க்காரர். "வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து அடிச்சுக் கொடுத்துடறேன். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் தணிந்தார். முதலாளி தணியவில்லை. இந்தத் தடவை அவர் வார்த்தையைக் கிள்ளவில்லை, அள்ளியே வீசினார். கடைசியில், "நாளையிலேர்ந்து அந்தப் பொண்ணு இங்க உக்காரக் கூடாது" என்று முடித்தார். மிளகு தன் பையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.  சாம்பல் நிறத்துக்கு உள்ளே இத்தனை ரோஸ் எப்படி ஒளிந்திருந்தது என்று கலர்க்காரர் ஏதோ சொல்லப்போனார். அதை விட்டுவிட்டு, அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பெண்ணும் ரோலரோடு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து மிளகு ஓரங்களில் டேப் ஒட்டினாள், அப்பா அடித்தார். முதல் பூச்சு காயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து யாருடைய படத்திலோ கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அழித்துக்கொண்டிருந்தார். மிளகு டேப் உருளையைக் கையில் பிடித்தபடி அவருடைய லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூலையில் செல்லோ டேப் ஒட்டிய, அழகே இல்லாத, கட்டைக் கறுப்பு லேப்டாப். பெரிய பெரிய படங்களை ஒரே தட்டில் திறந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"இது இடம் இல்லைன்னு சொல்லாதா அங்கிள்?"

அவருக்குப் புரியவில்லை. கலர்க்காரர்தான் கதையைச் சொன்னார். வெளிர்நீல மூடியிலிருந்து மணல் பாத்திரம்வரை. ஸ்டுடியோக்காரர் முதலில் பரிதாபப்பட்டார். "ஸ்டூடண்ட் ப்ரௌஸ் பண்ணலாம்" என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். பால்கனிப் பூனை நடைக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க காசுக்குப் புதுசுல நல்லது வராது. யார் என்ன சொன்னாலும் வராது. முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்டயும் வாங்கக் கூடாது. பெரிய பெரிய ஆபீஸ்ல மொத்தமா வாங்கி, கொஞ்ச வருஷத்துல மொத்தமா மாத்துவாங்க. அந்தப் பழசெல்லாம் வெளிய வரும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா அடிச்சாலும் சாகாது. இது அதுல ஒண்ணுதான்." சுவரைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவது கோட் அடிங்க. சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்."

கடை என்று ஒன்று இல்லை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப் போனால் ஓர் அறை. சுவர் உயரத்துக்குக் கறுப்பு லேப்டாப்கள் புத்தகம் மாதிரி அடுக்கியிருந்தன. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஓர் அம்மா ஒன்றின் வயிற்றைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மூன்றை எடுத்து வைத்தார். அவர் பேசிய விதம்தான் கலர்க்காரரைத் திடுக்கிட வைத்தது.

"இதுல கேமரா மங்கல். இது ஓரத்துல அடி வாங்கியிருக்கு. இது பரவாயில்ல, ஆனா பேட்டரி ரொம்ப நேரம் நிக்காது, ஒயரை மாட்டியே வெச்சுக்கணும். கனமும் ஜாஸ்தி. பொண்ணு தூக்கிட்டு அலைய முடியாது."

இத்தனை நாள் அலைச்சலில், தான் விற்கிற பொருளின் குறையை முதலில் சொன்ன ஆளை அவர் அன்றுதான் பார்த்தார். இருந்தாலும் சூடு பட்டவர் இல்லையா? அந்த மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு அணைத்தார், போட்டார், மறுபடியும் அணைத்தார். மிளகை உட்காரவைத்து ஒரு பக்கம் முழுக்க அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாக அமுக்கினார். அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துச் சுடுகிறதா என்று பார்த்தார். தட்டையான மேஜையில் வைத்து ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தார். ஸ்டுடியோக்காரர் பொறுக்க முடியாமல் கீழே போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார்.

"ஐயா, லேப்டாப் வாங்கப் போறீங்களா, இல்ல பொண்ணைக் கொடுக்கப் போறீங்களா?" என்றார் அந்த அம்மா.

விலை அந்த வெளிர்நீலத்தில் பாதிகூட இல்லை; இத்தனை நாளில் மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தது அதற்குப் போதும். மனைவியிடம் போனில் கேட்டபோது, "என்ன கலர்?" என்றார்.

"கறுப்பு."

"அப்போ வாங்குங்க."

அந்தக் கறுப்பு லேப்டாப் ஓடியது. ஓடியது என்றால் சும்மா இல்லை, மிளகு பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியில் சேர்ந்து, அங்கேயும் பாதிக்கு மேல் படிக்கிறவரை ஓடியது. நடுவில் ஒருதரம் பேட்டரி மாற்றினார்கள். ஒருதரம் மனைவி அதன்மேல் டீயைக் கொட்டினார். கவிழ்த்து வைத்துத் துடைத்துக் காயவைத்தார்கள், மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்துகொண்டது. தம்பி ஒருநாள் துணிச்சலாக வீட்டுக்கு வந்து, அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், அம்மிக்கல்லு மாதிரி இருக்கு" என்றான். அக்கா பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவன் லேப்டாப்பை மெல்ல இருந்த இடத்திலேயே வைத்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கலர்க்காரருக்குச் சந்தோஷம்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் லேப்டாப் வந்த மறுநாள் சாயங்காலமும் கடையில் ஒரு பன் அதிகமாக வாங்கிவிட்டார். பழக்கத்தில் வாங்கியது. முதலாளி பார்த்துவிட்டு அவரே எடுத்துச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து, "கட்டுரை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால், "முடிச்சு அனுப்பிட்டேன்ப்பா" என்பாள். எதைப் பற்றி என்று கேட்டால் ஒரு வரியில் சொல்வாள். முடிந்துவிடும். முதலாளி கோபம் ஆறி, எப்போதாவது வந்தால் வரட்டும் என்று சொன்ன பிறகு கலர்க்காரர் ஒருநாள் மிளகிடம் மெல்லக் கேட்டும் பார்த்தார்.

"சும்மா ஒரு நாள் கடைக்கு வாயேன்."

"எதுக்குப்பா? அதான் லேப்டாப் நல்லா ஓடுதே."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். மனைவிதான் கண்டுபிடித்துவிட்டார். "ஓடலைன்னாலும் முகத்தைத் தூக்கி வெச்சுக்குறீங்க, ஓடினாலும் தூக்கி வெச்சுக்குறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "பொண்ணு வளர்றா. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

வருஷங்கள் போயின. கலர்க்காரருக்கு அந்தக் கடைக்காலம் ஒரு பொற்காலம். சொல்லச் சொல்ல அதன் மெருகு கூடிக்கொண்டே போனது. போன விடுமுறைக்கு மிளகு வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன கதையை அவளுக்கும் சொல்ல ஆரம்பித்தார். டிரம், டீ, வௌவால், நடந்து வந்தது எல்லாம். மிளகு சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. எனக்கு அப்ப ரொம்ப வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"கூடப் படிக்கிற பிள்ளைங்க யாராவது பாத்துடுவாங்களோன்னு சுத்திட்டு பின்பக்கத் தெரு வழியா வருவேன். யூனிஃபார்ம்ல பெயின்ட் வாசனை வரும். ஒருத்தி மூக்கைப் பொத்திக் காட்டினா. ஒவ்வொரு நாளும் இன்னைக்காவது லேப்டாப் வாங்கிடுவீங்களான்னு நெனச்சுக்கிட்டேதான் கடைக்குள்ள நுழைவேன்."

கலர்க்காரரின் கை தட்டிலேயே நின்றது. இத்தனை வருஷமாக அவர் அந்தச் சாயங்காலங்களை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பார்! அதற்குள் இப்படி ஒரு நிறம் இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. பஸ்ஸில் போகாமல் நடந்தது அவளுக்கும் பிடித்துத்தான் என்று நினைத்திருந்தார். கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டுவிட்டார்.

"நடந்து வந்தது?"

மிளகு நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அப்படி யோசித்ததற்காகவே சிரித்தாள்.

"அது பிடிக்கும்ப்பா. இருட்டிடும் இல்ல, யாரும் பாக்க மாட்டாங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வருவேன். நீங்க ஒரு தடவைகூட போதும்னு சொன்னதில்ல."

"அவருக்குக் காது கேக்கலையோ என்னவோ" என்றார் மனைவி. "நாள் முழுக்க அந்தக் குலுக்குற மெஷின் பக்கத்துல நின்னுட்டு வர்ற மனுஷன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கலர்க்காரர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மிளகு ரசத்துக்குக் கரண்டியை எடுத்து முதலில் அவருக்கு ஊற்றினாள், போதும் போதும் என்று அவர் கையைக் குறுக்கே நீட்டுகிறவரை.